ஊசிக்கும் லைனுக்கும் நடுவே ஒரு முதுகு

பி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் சுங்குவார்சத்திரத்தில் ஆட்களை இறக்கிவிடும்போது இரவு பத்தரை ஆகியிருக்கும். இறங்குகிறவர்களில் பாதிப் பேர் பரோட்டாக் கடைக்குப் போவார்கள். கொஞ்சம் பேர் மெடிக்கலுக்கு. அங்கே யாரும் மருந்தின் பெயரைச் சொல்வதில்லை, சீட்டையும் நீட்டுவதில்லை. “அண்ணா, இடுப்பு வலிக்கு ஒரு செட்டு.” அவ்வளவுதான். இந்த ஊர் என்றில்லை, தமிழ்நாடு முழுக்க எந்த மருந்துக் கடைக்கும் இந்த பாஷை புரியும். மூன்று அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்துச் சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். ஒன்று வலிக்கு, ஒன்று தசை தளர, இன்னொன்று அந்த இரண்டும் வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க. சில ஊர்களில் நான்காவதாகப் பொடிசாக ஒரு வெள்ளை மாத்திரையும் விழும். அது ஸ்டீராய்டு என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. மறுநாள் உடம்பு லேசாக இருந்தது என்பது மட்டும் தெரியும்.

வாங்குகிறவருக்கு வயது இருபத்து மூன்று, இருபத்தாறு. நம் வீடுகளில் இடுப்பு வலி என்றால் பாட்டி நினைவுக்கு வருவாள். இங்கே அது ஐ.டி.ஐ. முடித்து நான்கு வருடம் ஆன பையனின் பேச்சு.

உறைக்குள் இருக்கும் வலி மாத்திரை பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், இல்லாவிட்டால் அதன் பங்காளி ஒன்று. இந்தியாவில் பாறுக் கழுகுகள் கிட்டத்தட்ட அழிந்துபோனது இந்த மருந்தால்தான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பறவையின் சிறுநீரகத்தை முடக்கியது. 2006-ல் கால்நடைக்கு அதைத் தரக்கூடாது என்று அரசு தடை போட்டது. மனிதச் சிறுநீரகம் பறவையுடையது போல உடனே சுருண்டுவிடாது. ஆனால் தண்ணீர் குறைவாகக் குடித்து, வியர்வை கொட்டி, மாதக் கணக்கில் தினம் ஒரு செட் விழுங்குகிற உடம்பில் வயிறும் சிறுநீரகமும் ரத்த அழுத்தமும் சத்தமில்லாமல் கெடும். வேறு வழி உண்டா என்று இந்தப் பையன்கள் தேடத் தொடங்குவது அங்கிருந்துதான். செட் கேட்காத ஒரு வாரம் வேண்டும், அதுதான் ஆசை.

தேடினால் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் போகிற சாலையில், படப்பை, வாலாஜாபாத் பக்கங்களில், கண்ணைத் திறந்துகொண்டு போனால் போதும். புத்தூர் கட்டு, வர்மம், பிசியோதெரபி, அக்குபங்சர், மருந்தில்லா மருத்துவம், கப்பிங் என்று எல்லாம் இருக்கும். ஹூண்டாய் வந்த பிறகு குடியேறிய கொரியர்களுக்காக அவர்கள் எழுத்தில் உணவகப் பலகைகளும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே கான்ட்ராக்ட் ஏஜென்சி விளம்பரம்: ஆண்–பெண் ஆட்கள் தேவை, தங்குமிடம் இலவசம்.

1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. பிறகு கண்ணாடி, டயர், லாரி, புல்லட், தொலைக்காட்சி, செல்போன். நோக்கியா 2006-ல் வந்து 2014-ல் கதவைச் சாத்திவிட்டுப் போனது. இப்போது ஐபோன். வல்லம் வடகாலில் அந்தத் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்களுக்காக 706 கோடி ரூபாயில் கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதில் 18,720 பேர் தங்கலாம். ராமானுஜர் பிறந்த ஊர் என்ற ஸ்ரீபெரும்புதூரின் பெருமை கோயில் தெருவில் பத்திரமாக இருக்கிறது. ஊரின் மற்ற தெருக்கள் ஏ, பி, சி என்ற மூன்று எழுத்தைக் கேட்டு நடக்கின்றன.

இந்த உடம்புகளுக்கு வலி எங்கே வரும் என்பதை வேலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். காரின் அடிப்பாகத்தில் வேலை செய்கிறவர் கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி போல்ட் முடுக்குகிறார். தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்கள் எலும்புகளுக்கு நடுவே நசுங்கும் நிலை அது. போன் அசெம்பிளியில் கழுத்து குனிந்தே இருக்கும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்யும். அங்கே வலி கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு ஓரத்தில் தொடங்கும். புட்டியைத் திறக்கும்போதும் துணி பிழியும்போதும் சுரீர் என்று இழுக்கும். எட்டு மணி நேரம் சிமென்ட் தரையில் நிற்கிறவருக்குக் குதிகால். காலையில் பாயை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடியில் ஆணி ஏறியது போலிருக்கும், பத்து அடி நடந்தால் குறையும்.

குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, பிடிப்பு, எரிச்சல், மதமதப்பு, விண்விண். வலிக்குத் தமிழில் சொல் குறைவில்லை. இவற்றை வேடிக்கைக்காக அடுக்கவில்லை. இவை நோய்க்குறிகள். கடுப்பு தசையைச் சொல்கிறது, பிட்டத்திலிருந்து காலுக்கு ஓடும் இழுப்பு நரம்பைச் சொல்கிறது. விரல் நுனியில் ராத்திரி மதமதப்பு என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கம்பெனி முதலுதவி அறைப் பதிவேட்டுக்குள் போனதும் எல்லாம் ‘பாடி பெயின்’ ஆகிவிடும். அங்கிருந்தே சிகிச்சை பாதி கோணிவிடுகிறது.

ஊசி வந்த வழி

அக்குபங்சர் இந்தியாவுக்கு வந்த கதையில் ஒரு போர் இருக்கிறது. 1938-ல் ஜப்பான் படையெடுப்பில் தவித்துக்கொண்டிருந்த சீனாவுக்கு இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் சோலாப்பூர் துவாரகாநாத் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே இறந்தார். அவரை எல்லோருக்கும் தெரியும். உடன் போன கல்கத்தா மருத்துவர் பிஜோய் குமார் பாசுவை அவ்வளவாகத் தெரியாது. ஊர் திரும்பிய பாசு, 1950-களின் இறுதியில் மறுபடி சீனா போய் ஊசி வைத்தியம் கற்று, கல்கத்தாவில் அதைத் தொடங்கினார். இலவசமாகப் பார்த்தார், சொல்லியும் கொடுத்தார். மேற்கு வங்கம் 1996-ல் அக்குபங்சருக்கென்றே தனிச் சட்டம் இயற்றியதற்குப் பின்னால் அவர் போட்ட விதை இருக்கிறது. தெற்கே நமக்குக் கொழும்புப் பாதையும் உண்டு. களுபோவில அரசு மருத்துவமனையில் அன்டன் ஜயசூரிய நடத்திய பயிற்சிக்கு உலகெங்கிலுமிருந்து ஆட்கள் போனார்கள்.

மத்திய அரசு 2003-ல், அக்குபங்சர் ஒரு சிகிச்சை முறைதான், முழு மருத்துவ முறை ஆகாது என்று ஆணையிட்டது. பதிவு பெற்ற மருத்துவரோ உரிய பயிற்சி பெற்றவரோ செய்யலாம் என்றும் சொன்னது. 2019-ல் அதைத் தனி முறையாக ஏற்பதாக அறிவித்தது. மகாராஷ்டிரமும் சட்டம் இயற்றிவிட்டது. தமிழ்நாட்டில் நிலைமை வேறு மாதிரி. இங்கே அரசுப் பாதை யோகா–இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பு வழியாகப் போகிறது. அரும்பாக்கத்தில் ஓர் அரசுக் கல்லூரி, செங்கல்பட்டில் ஒன்று. பயிற்சிக் காலத்தையும் சேர்த்தால் ஐந்தரை வருடப் படிப்பு, பாடத்திட்டத்தில் அக்குபங்சரும் உண்டு. இதற்கு இணையாக, ஊசியே இல்லாமல் நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியை விரலால் தொடும் ஒரு மரபு தமிழ்நாட்டில் பெரிதாக வளர்ந்திருக்கிறது. வார இறுதி வகுப்பில் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்களும் பலகை மாட்டுகிறார்கள். பலகை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே இருப்பது ஒரே மாதிரி இருக்காது.

ஊசி என்றதும் பயப்படத் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் ஊசியின் துளைக்குள்ளேயே நுழைந்துவிடும் அளவுக்கு இது மெல்லியது. கால் மில்லிமீட்டர் தடிமன், நுனியில் துளை கிடையாது, மருந்தும் கிடையாது. பதினான்கு ஓடைகளில் 361 புள்ளிகள் என்பது இன்று உலக அளவில் ஒப்புக்கொண்ட கணக்கு. முதுகு வலிக்கு முதுகில் மட்டும் குத்த மாட்டார்கள். முழங்காலின் பின்மடிப்பில், கணுக்காலின் வெளிப்புறத்தில் எல்லாம் வைப்பார்கள். ஊசி சரியான ஆழத்துக்குப் போனால் வலிக்காது. உள்ளே கனமாக ஏதோ ஒன்று விரிவது போலிருக்கும். சீனத்தில் அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

எனக்கும் கழுத்து வலி உண்டு, எழுதுகிறவனுக்கு வேறென்ன வரும்? ஓர் அரசு மருத்துவமனையின் இயற்கை மருத்துவப் பிரிவில் வாரம் இரண்டு தடவை என்று ஆறு முறை படுத்தேன். நான்காவது முறைக்குப் பிறகு கழுத்தைத் திருப்பி ஆட்டோக்காரரிடம் பேச முடிந்தது. ஊசிதான் செய்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். அந்த அரை மணி நேரமும் போன் பைக்குள் இருந்தது, யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதற்கு முன் அப்படி ஓர் அரை மணி நேரம் எனக்கு எப்போது வாய்த்தது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

இந்தச் சந்தேகத்தை ஜெர்மானியர்கள் பெரிய அளவில் சோதித்துவிட்டார்கள். முதுகு வலியோடு வருடக் கணக்கில் அல்லாடிக்கொண்டிருந்த 1,162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முறையான அக்குபங்சர். இன்னொரு பிரிவுக்குப் புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி, அதாவது போலி. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான மாத்திரையும் பிசியோதெரபியும் உடற்பயிற்சியும். ஊசிப் பிரிவுகளுக்கு அரை மணி நேரம் வீதம் பத்து முறை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முறையான ஊசியில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது, போலி ஊசியில் 44.2 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம். 2007-ல் வெளியான ஆய்வு இது. அக்குபங்சரை நம்புகிறவர் முதல் எண்ணையும் மூன்றாவது எண்ணையும் ஒப்பிட்டு மார்தட்டுவார். நம்பாதவர் முதல் இரண்டையும் ஒப்பிட்டுச் சிரிப்பார். இரண்டு பேரும் சரிதான். ஜெர்மன் காப்பீட்டுக்காரர்கள் விவாதத்தில் இறங்கவில்லை. நாள்பட்ட முதுகு வலிக்கும் முழங்கால் மூட்டு வலிக்கும் ஊசிச் செலவைத் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அரசுகளும் இன்றுவரை ஒரே குரலில் பேசவில்லை. பிரிட்டனின் வழிகாட்டுதல் 2016-ல் முதுகு வலிக்கு அக்குபங்சர் வேண்டாம் என்றது. 2021-ல் காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்குத் தரலாம் என்றது. அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒன்று 2017-ல், மாத்திரைக்கு முன் சூட்டு ஒற்றடம், மசாஜ், அக்குபங்சர், உடற்பயிற்சி, யோகா போன்றவற்றைப் பாருங்கள் என்றது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட முதுகு வலிக்கென்று முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. ஊசி வைத்தியம், உடற்பயிற்சி, மசாஜ் ஆகியவற்றுக்கு ஆதரவு. நம் ஊரில் எடுத்ததும் மாட்டிவிடும் இடுப்பு பெல்ட்டுக்கும், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனுக்கும் வேண்டாம் என்ற பதில். அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது மிளகாய். காரமான ஒரு வகை மிளகாயிலிருந்து செய்த பூச்சுமருந்தைத் தடவலாம் என்று ஜெனீவாவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

தைலமும் தொக்கணமும்

மிளகாய் வலியைக் குறைக்கும் என்பது நம் வீட்டுக்குப் புதிதல்ல. ஏன் குறைக்கிறது என்பதுதான் புதிது. மிளகாயின் காரத்தை உணரும் நரம்பு வாயிலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கும், தொடு உணர்வின் வாயிலைக் கண்டுபிடித்த ஆர்டம் பட்டபூட்டியனுக்கும் 2021-ல் மருத்துவ நோபல் பகிர்ந்து கிடைத்தது. புதினா உப்பின் குளிர்ச்சிக்கும் இதே போல ஒரு வாயில் உண்டு. காரம், குளிர், சூடு, தொடுதல் எல்லாம் நரம்பு வழியே போய், பின்னால் வருகிற வலியை வாசலில் நெருக்கித் தள்ளுகின்றன. சட்டைப் பையில் அமிர்தாஞ்சன் டப்பாவோடு ஷிப்டுக்குப் போகிறவர் செய்வதும் அதுதான். அமிர்தாஞ்சன் 1893-லிருந்து இருக்கிறது, நரம்பின் வாயில் அதற்கு நூறு வருடம் கழித்துத்தான் பிடிபட்டது.

சித்த மருத்துவத்தில் உள்ளே கொடுக்கும் மருந்து 32 வகை, வெளியே செய்யும் மருத்துவம் 32 வகை. தொழிற்சாலை வலிகளுக்கு வேண்டியதெல்லாம் இரண்டாவது முப்பத்திரண்டில் இருக்கிறது: ஒற்றடம், பற்று, வேது, கட்டு, தொக்கணம். தொக்கணம் என்பதை வெறும் மசாஜ் என்று சொல்லிவிட முடியாது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வினைகளாக அதைப் பிரித்திருக்கிறார்கள். வர்மத்தில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 இடங்கள். அடிபட்டால் ஆபத்தாகிற அதே இடங்களை இளக்கினால் வலி இறங்கும் என்பது கன்னியாகுமரி ஆசான்கள் காத்துவந்த வித்தை. போகர் சீனத்துக்குப் போன கதையைக் கையில் எடுத்துக்கொண்டு, அக்குபங்சரே நம்மிடமிருந்து போனதுதான் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் ருசியில்லை. தோள் வலிக்கிறவருக்கும் இருக்காது.

ஒரகடத்திலிருந்து படப்பை வழியாகப் போனால் தாம்பரம் சானடோரியம். அங்கே 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. வர்மமும் தொக்கணமும் அங்கே முதுநிலைப் பட்டப் பாடம். தெருவோரப் பலகையை நம்பிப் பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கதவைத் தட்டலாம் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டிலேயே செய்ய முடிந்தவை சில உண்டு. கல்லுப்பையோ தவிட்டையோ வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து, முதலில் நம் முன்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு இடுப்பில் ஒற்றலாம். நொச்சி இலை கிடைத்தால் லேசாக எண்ணெய் விட்டு வதக்கிக் கட்டலாம். ஏரிக்கரைகளில் நொச்சி இன்னும் நிற்கிறது. வீங்கிச் சிவந்து கொதிக்கிற புதுச் சுளுக்குக்கு அன்றைக்கே சூடும் உருவலும் கூடாது, ஐஸ்தான். விடுதியில் அடுப்புக்கு இடமில்லை என்பார்கள். வெந்நீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றினாலும் ஒற்றடம்தான். குதிகாலுக்கு ஒரு டென்னிஸ் பந்து போதும், உட்கார்ந்தபடி உள்ளங்காலில் வைத்து உருட்ட வேண்டும். கால் மாறிப் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விடும் என்று கிராமத்தில் சொல்வார்கள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் உருவிவிட்டால் போகும் என்றும் சொல்வார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், ஊரில் ஒருவர் வீட்டு வாசலில் போய் முதுகைக் காட்டிப் படுக்க முடிந்தது. பேச்சலர் ரூமில் எட்டுப் பேர் இருந்தும் முதுகை நீவிவிட ஆளில்லை. மூன்று பேர் தூங்குவார்கள், மூன்று பேர் லைனில் இருப்பார்கள், மீதி இரண்டு பேர் பஸ்ஸில்.

ஊசியும் தைலமும் தொடக்கூடாத வலிகளைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போகக்கூடாது. முதுகு வலியோடு பாதம் தொங்கிப்போனால், சிறுநீர் வராமல் நின்றாலோ அடக்க முடியாமல் போனாலோ, தொடைகளுக்கு நடுவே உணர்ச்சி மரத்தால், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு முதுகு வலி, எடை குறைந்துகொண்டே போய் ராத்திரியில் எழுப்பும் வலி, இவை காசநோயாகவோ கட்டியாகவோ இருக்கலாம். நெஞ்சிலிருந்து இடது கைக்கு இறங்கும் வலியை வாயுப் பிடிப்பு என்று உருவிக்கொண்டிருக்கக் கூடாது. ஊசி வைத்துக்கொள்வதானால் உறை உங்கள் கண் முன்னால் பிரிய வேண்டும், முடிந்ததும் குப்பைக்குப் போக வேண்டும். நெஞ்சுப் பக்கம் ஆழமாகப் போனால் நுரையீரல் குத்துப்படும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட புள்ளி உட்படச் சில இடங்களைக் கர்ப்பிணிகளுக்குத் தொடுவதில்லை என்பது பழைய விதி. நாள் தள்ளிப்போயிருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ‘சர்க்கரை மாத்திரையை நிறுத்து, பிரஷர் மாத்திரையை நிறுத்து’ என்று யாராவது ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பலாம். 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரம் நேமத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே நடந்த பிரசவத்தில் தாயும் குழந்தையும் இறந்தார்கள். சிகிச்சை பார்த்த அக்குபங்சர்காரர் கைதானார். வலிக்கு உதவும் ஒரு கைத்தொழிலை எல்லா நோய்க்கும் மருந்து என்று விற்கத் தொடங்கினால் அங்கேதான் போய் நிற்கும்.

வலி பிறக்கிற இடம்

இவ்வளவையும் நல்ல இடத்தில், நல்ல கையில் செய்துகொண்டு, தோள் லேசாகித் திரும்புகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். எங்கே திரும்புகிறார்? அதே லைனுக்கு, அதே போல்ட்டுக்கு. ஓடுகிற குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. இயற்கை வைத்தியம் பேசுகிறவர்கள் இதைத் தொடவே மாட்டார்கள். உணவை மாற்று, மனதை மாற்று, மூச்சை மாற்று என்பார்கள். வேலை மேசையின் உயரத்தை மாற்று என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஹூண்டாயும் சாம்சங்கும் பிறந்த கொரியாவைப் பார்க்கலாம். அங்கே அக்குபங்சர் 1987 முதல் தேசிய சுகாதாரக் காப்பீட்டுக்குள் இருக்கிறது. கழுத்து பிடித்துக்கொண்டால் பாரம்பரிய மருத்துவரிடம் போய் ஊசி வைத்துக்கொள்வது அங்கே சாதாரணம். ஆனால் ஊசியோடு நிற்கவில்லை. கார், கப்பல் தொழிற்சாலைகளில் தொழிற்சங்கங்கள் உடம்பு வலியைப் பேரம் பேசும் மேசைக்குக் கொண்டுபோன பிறகு, 2003-ல் சட்டம் மாறியது. எலும்பு–தசையைச் சிரமப்படுத்தும் வேலைகள் என்று பதினொரு வகையை வரையறுத்தார்கள். ஒரு நாளில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கையைத் தலைக்கு மேல் வைத்துச் செய்யும் வேலை. அதே அளவு நேரம் கழுத்தும் மணிக்கட்டும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை. 25 கிலோவுக்கு மேல் ஒரு நாளில் பத்து முறை தூக்கும் வேலை. இப்படிப்பட்ட வேலை இருந்தால் முதலாளி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்து சரிசெய்ய வேண்டும்.

நம் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், அறிவிக்க வேண்டிய நோய்கள் என்று மூன்றாம் அட்டவணையில் 29 நோய்களை வைத்திருந்தது. ஈய விஷம், சிலிகோசிஸ், சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மை எல்லாம் உண்டு. இடுப்பு, தோள், மணிக்கட்டு கிடையாது. சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 2010-ல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் மணிக்கட்டு நரம்பு அழுத்தமும் கட்டைவிரல் தசைநார் வீக்கமும் பெயர் சொல்லியே இருக்கின்றன. வலி தொழிலால் வந்தது என்று எழுதப்படாதபோது அது உன் உடம்பின் பலவீனம் ஆகிவிடுகிறது. செலவும் உன்னுடையது ஆகிவிடுகிறது.

அதே பழைய சட்டத்தின் 44-வது பிரிவு, நின்றே செய்ய வேண்டிய வேலையில் இருப்பவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும் என்றது. துணிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு அந்த உரிமையைத் தமிழ்நாடு 2021-ல் தனியாகச் சட்டமாக்கியது. தி.நகரில் நிற்கிறவருக்குக் கிடைத்த நாற்காலியைப் பெருமையோடு பேசினோம். அதே அரசு 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க வழி திறக்கும் மசோதாவை நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெற்றது. பன்னிரண்டு மணி நேரம் நின்றால் வாரத்துக்கு மூன்று நாள் விடுமுறை கிடைக்குமே என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். முதுகுத் தண்டின் தட்டுகளுக்கு வாரக் கணக்கு தெரியாது, மணிக் கணக்கு மட்டும்தான் தெரியும்.

கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021-ல், ஒரகடத்தின் ரெனோ–நிசான் தொழிலாளர்கள் சமூக இடைவெளி கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அப்போது முக்கியமான பேச்சு, நகரும் லைனில் கார்களுக்கு நடுவே காலி இடம் விடுவது பற்றியது. சில கார்களுக்கு ஒரு முறை காரே இல்லாத ஓர் இடம் நகர்ந்து வரும். கிருமிக்காகக் கேட்டது அது. தோளுக்கும் இடுப்புக்கும் அது என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். வெறும் இடம் கடந்து போகும் அந்த ஒரு சுற்றில் கை கீழே இறங்கும், கழுத்து நிமிரும். தொற்று ஓய்ந்ததும் அந்தப் பேச்சும் ஓய்ந்தது.

சிகிச்சைக்குப் போக முடிவெடுத்தாலும் எப்போது போவது? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம் அதற்காகப் பிடிக்கிறார்கள். நோய் விடுப்பில் எழுபது சதவீதக் கூலி, வருடத்தில் 91 நாள் வரை. காகிதத்தில் தாராளம்தான். ஆனால் நடக்க முடிகிற, காய்ச்சல் இல்லாத, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாத வலிக்கு மெடிக்கல் லீவு கேட்கும் கான்ட்ராக்ட் ஆளுக்கு அடுத்த மாதம் கேட் பாஸ் இருக்குமா என்பது வேறு கணக்கு. அரசு மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவு பெரும்பாலும் காலையில்தான். ஏ ஷிப்ட் ஆள் அப்போது லைனில் இருப்பார். பி ஷிப்ட் ஆள் வரிசையில் நின்று, ஊசி வைத்துக்கொண்டு, இரண்டு மணிக்குள் கேட்டுக்குள் போக வேண்டும். ஜெர்மானியர் கணக்குப்படி வாரம் இரண்டு, மொத்தம் பத்து. ஷிப்ட் வாரா வாரம் மாறும்போது பத்து என்பது எட்டாத எண்.

மிச்சம் இருப்பது சி ஷிப்ட் வாரம். காலை ஆறு மணிக்கு வேலை முடிந்து, குளித்து, ரெண்டு இட்லியோடு நேராக வந்துவிடுகிறார்கள். குப்புறப் படுக்கச் சொல்லி, முதுகில் நாலு, முழங்கால் மடிப்பில் ரெண்டு, கணுக்காலில் ரெண்டு ஊசி வைத்து மருத்துவர் அடுத்த கட்டிலுக்கு நகர்வதற்குள் குறட்டைச் சத்தம் கேட்கும். தூக்கம் கெட்ட உடம்பில் வலி இரட்டிப்பாகும் என்பது மருத்துவருக்குத் தெரியும். இந்த ஆளுக்கு ஊசி வேலை செய்யுமா தூக்கம் வேலை செய்யுமா என்று அவர் யோசிப்பதில்லை. அரை மணி நேரம் ஆனதும் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி எண்ணுவார், எட்டும் இருக்கிறதா என்று. பிறகு, வெளியே வரிசை நீளமாக இல்லாவிட்டால், எழுப்பாமல் இன்னும் பத்து நிமிடம் விட்டுவைப்பார்.